பசூனும் மோர்சிங்கும் ஒரே மேடையில்: குறும்பு இசை எழுதுவதன் கணக்கு வழக்கு

விசித்திரமான வாத்தியக் கூட்டணிக்கு எழுதப்படும் புது இசை பெரும்பாலும் முதல் ஒரு நிமிடத்திலேயே தீர்ந்துபோய்விடுகிறது. பசூன் (நீண்ட மர ஊதுகுழல்) அடித்தொண்டையில் ஒருமுறை உறுமும், மோர்சிங் (பல்லில் வைத்து வாசிக்கும் சிறு உலோகக் கருவி) ஒருமுறை 'டொய்ங்' என்னும், அரங்கில் சிரிப்பு கிளம்பும். அதோடு சரி. மீதி ஐந்து நிமிடத்தை என்ன செய்வதென்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. சத்தம் வேடிக்கையாக இருப்பது வேறு, இசை குறும்பாக இருப்பது வேறு. குறும்புக்குக் கேட்பவர் காதில் முதலில் ஒரு விதி ஊன்ற வேண்டும், பிறகு அதைச் சரியான இடத்தில் மீற வேண்டும். எந்த வாத்தியத்தை வைத்து மீறுவது என்பதை முடிவுசெய்ய, ஒவ்வொன்றும் எதைச் செய்யும் என்பதைவிட எதைச் செய்யவே செய்யாது என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த இயலாமைதான் இங்கே சரக்கு.

பசூன், வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), டாய் பியானோ (பொம்மைப் பியானோ), மோர்சிங் என்று நான்கு பேர், நீளம் ஆறு நிமிடம், கையசைத்து வழிநடத்தும் கண்டக்டர் கிடையாது. இப்படி ஒரு கூட்டணியை எடுத்துக்கொண்டு பேசுவோம். ஏதோ கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியது போலத் தெரியும், ஆனால் உள்ளே ஓர் ஒழுங்கு உண்டு. பசூனும் வியோலாவும் ஒலியை நீட்டிப் பிடிக்கக்கூடியவை. டாய் பியானோவும் மோர்சிங்கும் அடித்ததும் தேயத் தொடங்குபவை. 1918-இல் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி தன் 'சிப்பாயின் கதை'க்கு ஏழே பேரைத் தேர்ந்தபோது கிளாரினெட்-பசூன், கார்னெட்-டிராம்போன், வயலின்-டபுள் பாஸ், கூடவே தாள வாத்தியம் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் மேல் ஒன்று, கீழ் ஒன்று எடுத்தார். ஜோடி இருந்தால்தான் ஜோடி மாறுவது காதுக்குப் புரியும். நான்கும் நான்கு திசையில் நின்றால் கலவைதான் மிஞ்சும்.

மோர்சிங்கை மேற்கத்திய வாத்தியங்களோடு சேர்ப்பது புதுமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பீத்தோவனுக்குப் பாடம் சொன்ன ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் 18ஆம் நூற்றாண்டிலேயே மோர்சிங்கின் ஐரோப்பிய உறவுக்கருவிக்கும், மண்டோரா என்ற லூட் வகைத் தந்திக்கருவிக்கும், மற்றத் தந்தி வாத்தியங்களுக்குமாகக் கான்செர்ட்டோக்கள் (தனி வாத்தியத்தை முன்னிறுத்தும் படைப்புகள்) எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவற்றில் மோர்சிங் கோமாளி அல்ல, முறையான தனி வாத்தியம்.

எழுத உட்காரும் முன் நான்கு பேரையும் ஒரு மணி நேரம் ஓர் அறையில் வைத்து ஒலிப்பதிவு செய்வது நல்லது. முக்கியமாக டாய் பியானோவை. நல்ல டாய் பியானோவில் 37 விசைகள், அதாவது மூன்று ஸ்தாயி இருக்கும். 25, 18 விசைக் கருவிகளும் உண்டு. உள்ளே தந்தி கிடையாது. ஒரு முனை இறுக்கப்பட்ட உலோகக் கம்பிகளைச் சின்ன பிளாஸ்டிக் சுத்திகள் தட்டும். இதில்தான் விஷயமே இருக்கிறது. தந்தியின் மேல்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) அடிச்சுர அதிர்வெண்ணின் 2, 3, 4 மடங்கு என்று ஒழுங்காக வரும். ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட கம்பியில் அடுத்த சுரமே கிட்டத்தட்ட 6.27 மடங்கு, அதற்கடுத்தது 17.5 மடங்கு. 6.27 மடங்கு என்றால், தட்டிய ஸ்வரத்தை ஸ என்று கொண்டால், இரண்டு ஸ்தாயிக்கு மேலே, சுத்த தைவதத்துக்குச் சற்றுக் கீழே. எந்த ஸ்வரத்தைத் தட்டினாலும் பக்கத்தில் ஒரு கோணல் தைவதம் சேர்ந்தே ஒலிக்கும். 'பொம்மைத்தனம்' என்று நாம் கேட்பது பெரும்பாலும் அதுதான்.

ஒவ்வொரு விசையையும் தட்டி டியூனர் செயலியில் எத்தனை சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு) ஏறியிருக்கிறது, எத்தனை இறங்கியிருக்கிறது என்று ஓர் அட்டவணை போடுங்கள். டாய் பியானோவை மேடையில் சுருதி சேர்க்க முடியாது, ஆகவே அந்த அட்டவணைதான் உங்கள் ஸ்கோருக்கு (இசை எழுதும் தாளுக்கு) அஸ்திவாரம். மிகவும் விலகி நிற்கும் விசைகளை வியோலா நீட்டிப் பிடிக்கும் அதே ஸ்வரத்தோடு சேர்க்காதீர்கள். வேகமான ஓட்டத்தில் கடந்துபோகட்டும். ஒலியை நிறுத்தும் டேம்பர் இல்லை, பெடலும் இல்லை, தட்டியது தானாகத் தேய்ந்தால்தான் உண்டு. வேகமான குரோமாட்டிக் ஓட்டம் (அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக நகர்வது) எழுதினால் சேறாகிவிடும். ஒரே விசையைத் தொடர்ந்து வேகமாகத் தட்டினால் சுத்தி திரும்பி வருவதற்குள் அடுத்த தட்டல் விழுந்து, நடுவில் சில காணாமல்போகும். பக்கத்து விசையோடு மாற்றி மாற்றி எழுதினால் தப்பலாம். 1948-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் டாய் பியானோவுக்கு எழுதிய தொகுப்பு முழுவதும் ஒன்பதே வெள்ளை விசைகளுக்குள் அடங்குகிறது. குறைவாகக் கேட்டால் இந்தக் கருவி நிறையக் கொடுக்கும் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை.

மோர்சிங்கின் கதை வேறு. சுருதி ஒன்றே ஒன்று. வாய்க்குழியின் அளவை மாற்றி அந்த ஒரே சுருதியின் மேல்சுரங்களில் எது தூக்கலாகக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் கலைஞர் தீர்மானிக்கிறார். இரண்டு கட்டை, அதாவது மேற்கத்தியப் பெயரில் டி சுருதி மோர்சிங் என்றால் (ஷார்ப் என்பது அரை ஸ்வரம் ஏற்றம், ஃபிளாட் என்பது அரை ஸ்வரம் இறக்கம்) நடைமுறையில் சுமாராக 4ஆம் மேல்சுரத்திலிருந்து 12ஆவது வரை பயன்படும்: டி, எஃப் ஷார்ப், ஏ, சி, மறுபடி டி, இ, எஃப் ஷார்ப், ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நட்டநடுவில் ஒன்று, ஏ. இந்த எஃப் ஷார்ப் பியானோ சுருதியைவிட 14 சென்ட் தாழ்வு. அந்த சி 31 சென்ட் தாழ்வு. இவற்றைப் பிழையாக நினைத்து ஒதுக்கினால் மோர்சிங்கிடம் வாங்க ஒன்றுமே இருக்காது.

இங்கேதான் வியோலா வருகிறது. அதன் நான்கு தந்திகள் சி, ஜி, டி, ஏ. டி தந்தியின் இயற்கை ஹார்மானிக்குகளிலும் (தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எடுக்கும் மேல்சுரங்கள்) இதே தாழ்ந்த எஃப் ஷார்ப்தான் கிடைக்கும், ஸ்தாயி மட்டும் மேலே. மோர்சிங் ஓர் எஃப் ஷார்ப்பை வாயால் திறக்க, வியோலா அதையே ஹார்மானிக்கில் மெல்லிசாகப் பிடித்து நீட்டினால் இரண்டும் ஒரே வாத்தியம் போல ஒட்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து டாய் பியானோ தன் எஃப் ஷார்ப்பைத் தட்டட்டும். அது 14 சென்ட் மேலே நின்று, தான் மட்டுமே சரி என்பது போல அடம்பிடிக்கும். ஒரு கோமாளிச் சத்தமும் இல்லாமல் நகைச்சுவை பிறக்கும் இடம் இது. இதற்காகவே டி-யை ஆதார சுருதியாக வைக்கலாம்.

சுருதி சேர்க்கும் வரிசையும் இதனால் தலைகீழாகிறது. ஓபோவிடமோ பசூனிடமோ ஏ கேட்டுத் தொடங்கும் வழக்கம் இங்கே செல்லாது. முதலில் டாய் பியானோவின் டி. அதற்கு மோர்சிங்கைச் சேர்க்க வேண்டும்: அதன் உலோக நாக்கின் நுனியில் தேன்மெழுகு ஒட்டினால் சுருதி இறங்கும், சுரண்டி எடுத்தால் ஏறும். அரிசி மணியில் பாதி அளவு மெழுகே காதுக்குத் தெரியும் வித்தியாசம் செய்யும். ஆகவே தேவைக்குச் சற்று மேலே நிற்கும் மோர்சிங்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏற்றுவதைவிட இறக்குவது எளிது. பிறகு வியோலாவின் டி, அதிலிருந்து மற்ற தந்திகள். கடைசியாக பசூன். பசூன் கலைஞரிடம் 1, 2 என்று எண்ணிட்ட வளைந்த உலோகக் குழல்கள் (போக்கல்) இருக்கும். எண் கூடக்கூட நீளம் கூடும், சுருதி இறங்கும். இரண்டையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். மேடை விளக்குச் சூட்டில் மெழுகு இளகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒத்திகை அறையில் சேர்த்த சுருதி கச்சேரியில் நிற்காமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

பசூனின் இயலாமை அடிமட்டத்தில் இருக்கிறது. அதன் கடைசி ஸ்வரம் பி ஃபிளாட். குழாயின் எல்லாத் துளைகளும் அடைபட்ட நிலையில் வரும் அந்த ஸ்வரத்தை மெதுவாக ஊதுவது பெரிய கலைஞர்களுக்கே வேர்வை வரவழைக்கும் வேலை. துணியை மணியில், அதாவது குழாயின் திறந்த முனையில், திணித்து அடக்கலாம் என்றால், துணி வைத்ததும் அந்த பி ஃபிளாட்டே ஒழுங்காகப் பிறக்காது. ஸ்கோரில் அந்த இடத்தில் மெல்லொலிக் குறி போடுபவர் இசை எழுதவில்லை, சீட்டாடுகிறார். உரக்கவே கேளுங்கள், உரக்க வருவதற்கு ஒரு காரணத்தைக் கதையில் வையுங்கள்.

மேடையில் அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று: பசூன் கீழ் ஸ்தாயியில் நீட்டி ஊத, மோர்சிங் மைக் இருந்தும் காணாமல்போகும். பசூன் எந்த ஸ்வரம் ஊதினாலும் அதன் ஒலி 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் திரண்டு நிற்கும். மோர்சிங்கின் மேல்சுரங்களில் பல குடியிருப்பதும் அங்கேதான். மைக்கின் ஒலியைக் கூட்டுவது தீர்வாகாது. மோர்சிங் பேசும் இடங்களில் பசூனுக்குக் குறுகிய ஸ்டக்காட்டோ (வெட்டி வெட்டி ஊதுவது) மட்டும் கொடுங்கள். அந்த இடைவெளிகள் வழியாக மோர்சிங் தானே வெளியே வரும். மைக் வாயிலிருந்து 3 சென்டிமீட்டருக்குள், மூச்சு நேராகப் படாதபடி சற்றுச் சாய்வாக. ஸ்பீக்கரை அரங்கின் இரு ஓரத்தில் வைக்காமல், சின்னதாக ஒன்றைக் கலைஞரின் நாற்காலிக்குப் பின்னால் வையுங்கள், ஃபீட்பேக் வராத கோணத்தில். கலைஞர் ஒரு பக்கம், அவர் ஒலி இன்னொரு பக்கம் என்று பிரிந்தால் சேம்பர் இசை (சிறு குழு இசை) என்ற உணர்வே போய்விடும்.

இனி காலக்கணக்கு. மோர்சிங் கலைஞர் கர்நாடகத் தாள மரபிலிருந்து வருவார், மற்ற மூவரும் பார் பிரித்து (எழுதிய இசையைச் சம அளவுக் கட்டங்களாக வகுத்து) வாசிப்பவர்கள். இருவருக்கும் பொதுவான தளம் ஆதி தாளம். 8 அட்சரம் (தாள அடி), அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக 32. மேற்கத்திய கணக்கில் 4/4-இல் (பாருக்கு நான்கு அடி) இரண்டு பார், பதினாறாம் ஸ்வரங்களாக (அடிக்கு நான்கு) 32. காலப்பிரமாணம் (வேகம்) நிமிடத்துக்கு 96 அட்சரம் என்று வைத்தால் ஓர் அட்சரம் 0.625 விநாடி, ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) மிகச்சரியாக 5 விநாடி, ஆறு நிமிடத்துக்கு 72 ஆவர்த்தனம். இந்த எண்ணை நேசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், திட்டமெல்லாம் விரலில் வந்துவிடும். 16 ஆவர்த்தனம் விதியை நிலைநாட்ட. 20 ஆவர்த்தனம் அடர்த்தி குறைந்த, ஹார்மானிக்குகள் நிறைந்த பகுதி. 24 ஆவர்த்தனம் ஒரே மெட்டை நால்வரும் ஸ்வரம் ஸ்வரமாகப் பங்குபோட்டு வாசிக்கும் பகுதி. கடைசி 12 முடிவுகளுக்கு. முடிவு அல்ல, முடிவுகள். அதற்குப் பிறகு வருகிறேன்.

விதி என்று சொன்னேனே, அதற்கு மோராவைவிட (ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிக்கும் தாள உத்தி) சிறந்த கருவி எனக்குத் தெரியாது. 7 மாத்திரைச் சொற்கட்டு (தாளச் சொற்கோவை) 'த , தி , கிணதொம்' மூன்று முறை, நடுவில் இரண்டு முறை 2 மாத்திரை கார்வை (இடைவெளி): 7+2+7+2+7, ஆக 25. ஆவர்த்தனத்தில் 7 மாத்திரை விட்டு எடுத்தால் 32 நிரம்பி அடுத்த சமத்தில் (சுற்றின் முதல் அடியில்) கச்சிதமாக விழும். பார் வாசிப்பவர்களுக்கு இது முதல் பாரின் இரண்டாம் அடியில் கடைசிப் பதினாறாம் ஸ்வரம். சமத்தில் நால்வரும் சேர்ந்து டி. இதை இரண்டு முறை மாறாமல் செய்தால் கர்நாடக இசையே கேட்டிராதவருக்கும் மூன்றாவது முறை எங்கே விழும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது முறை கார்வையை நீட்டுங்கள். இங்கே பலரும் செய்வது, ஒரு கார்வையை மட்டும் 3 ஆக்கி ஒரு மாத்திரை தாமதமாக விழவைப்பது. தாளில் பார்க்க அழகு, மேடையில் படுதோல்வி. ஒரு மாத்திரை என்பது 0.16 விநாடிகூட இல்லை. ஒத்திகை போதாமல் பிசகியது போலத்தான் கேட்கும். இரண்டு கார்வையையும் 4 ஆக்குங்கள். மொத்தம் 29, எடுப்பின் 7-ஐச் சேர்த்தால் 36, சமம் தாண்டி முழுதாக ஓர் அட்சரம் தள்ளி விழும். இப்போது பசூனுக்கு மட்டும் இந்தச் செய்தியைச் சொல்லாமல் விட்டது போல எழுதுங்கள்: மற்ற மூவர் இன்னும் நடுவழியில் இருக்க, அது பழைய சமத்தில் தன்னந்தனியாக, உரத்த அடிமட்ட பி ஃபிளாட்டில் வந்து இறங்கும். மெதுவாக வாசித்து மறைக்கவும் முடியாது. பலவீனம் கதாபாத்திரமாகும் இடம் இது. போனஸாக இன்னொன்று: பி ஃபிளாட்டை ஸ என்று கொண்டால் டி அந்தர காந்தாரம். ஆதாரம் டி என்று ஐந்து நிமிடமாக நம்பிய காது ஒரு கணம் கிரகபேதம் (ஆதார ஸ்வரம் இடம்மாறுவது) நடந்துவிட்டதோ என்று தடுமாறும்.

அரை அட்சரத் தாமதமும் வேலை செய்யும் (கார்வை 3, 3, மொத்தம் 27). ஆனால் பசூன் ஸ்வரம் மிகக் குட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள் வந்து விழுவது அதன் நிழலில் மறைந்துவிடும்.

எழுத்து முறையில் சண்டை வருவது 7 மாத்திரைச் சொற்கட்டைக் கொடி கட்டுவதில்தான் (ஸ்வரக்குறிகளைக் கோட்டால் குழுவாகச் சேர்ப்பது). ஏழு ஏழாகக் கொடி கட்டினால் மோர்சிங் கலைஞருக்கு மகிழ்ச்சி, வியோலா வாசிப்பவர் இரண்டாம் பாரிலேயே தொலைந்துபோவார். கொடிகளை அடிக்கு நான்காக வழக்கப்படி விட்டுவிட்டு, மேலே அடைப்புக்கோடு போட்டு ஏழைக் காட்டுவதே என் கட்சி. மோர்சிங் பார்ட்டில் (அவருக்கான தனித் தாளில்) ஒற்றைக் கோடு, கீழே சொற்கட்டு, எந்த மேல்சுரம் வேண்டும் என்பது எண்ணாக. எல்லா இடத்திலும் எண் போடாதீர்கள். உண்மையிலேயே வியோலாவோடு ஒட்ட வேண்டிய இடங்களில் மட்டும். மற்ற இடங்களைக் கலைஞர் உங்களைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார். மற்ற மூவரின் பார்ட்டுகளிலும் சொற்கட்டைச் சின்ன எழுத்தில் துணைக்குறியாகப் போடுங்கள், முதல் ஒத்திகையின் முதல் அரை மணி நேரம் வாத்தியத்தையே எடுக்கவிடாமல் தாளம் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பசூன் கலைஞர் 'கிணதொம்' சொல்லக் கூச்சப்படுவார். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்.

தலையசைத்துத் தொடக்கம் கொடுக்கும் பொறுப்பை வியோலாவிடமே விடுங்கள். மோர்சிங் பல்லில் பதிந்திருக்கிறது, தலையாட்டினால் ஒலி நகரும். பசூன் கலைஞரின் வாயும் கையும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. டாய் பியானோ கலைஞர் குட்டி விசைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். கருவியை மேசை மேல் ஏற்றினால் பார்வையாவது கிடைக்கும். மரமேசை என்றால் ஒலியும் சற்றுப் பெருகும், கால்களுக்கு அடியில் துணி போடாவிட்டால் கிடுகிடுவும் சேர்ந்து பெருகும். வியோலாவுக்கு இன்னொரு சலுகை: விரலால் மீட்டும் பிட்ஸிக்காட்டோவிலிருந்து வில்லுக்கு மாற ஓர் அட்சரமாவது கொடுங்கள், ஒலியை மங்கவைக்கும் மியூட் போட்டு எடுக்க நான்கைந்து. நால்வரில் எல்லாம் செய்ய முடிந்தவர் அவர் ஒருவர்தான், ஆகவே சிரிக்காமல் நேராக முகத்தை வைத்துக்கொள்ளும் வேடம் அவருக்கு. வியோலாக்காரர்களைப் பற்றி இசைக்கலைஞர்கள் நடுவே எத்தனையோ ஜோக்குகள் உண்டு. ஒருமுறையாவது அவர்கள் பக்கம் நிற்போம்.

முடிவுகள். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1781-இல் எழுதிய 33ஆம் ஓபஸின் (படைப்புத் தொகுதியின்) இரண்டாம் குவார்ட்டெட் (நால்வர் இசை), 'ஜோக்' என்றே பெயர் வாங்கியது, முடிந்தது போல முடிந்து, மௌனங்களுக்கு நடுவே மறுபடி மறுபடி தலைகாட்டி, தொடக்கச் சொற்றொடரிலேயே நின்றுவிடும். மௌனத்துக்கும் அளவு உண்டு என்பதை அதில் கற்கலாம். 96 வேகத்தில் இரண்டு அட்சர மௌனம், 1.25 விநாடி, வெறும் மூச்சு. நான்கு அட்சரம், 2.5 விநாடி, சந்தேகம். முழு ஆவர்த்தனம் 5 விநாடி விட்டால் கைதட்டல் விழுந்துவிடும். நீங்கள் விரும்புவது எது என்று முடிவுசெய்து, அதற்கேற்ப வில் தந்தியில் இருக்கட்டும் அல்லது இறங்கட்டும் என்று ஸ்கோரிலேயே எழுதுங்கள். அரங்கம் கேட்பதைவிட வில்லைப் பார்த்துத்தான் தட்டும். டாய் பியானோவின் கடைசி கம்பி இன்னும் தேய்ந்துகொண்டிருந்தால் மௌனம் தொடங்கவே இல்லை. அதற்குக் கூடுதலாக ஓர் அட்சரம் ஒதுக்குங்கள்.

பசூன் கலைஞர் கிடைக்காத ஊர்களில் பேஸ் கிளாரினெட் ஆள் கிடைக்கலாம். தாளில் எழுதியதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் கருவி அது: கீழ் சி வரை நீட்டப்பட்டது என்றால் அதன் அடிமட்டமும் ஒலியில் அதே பி ஃபிளாட்தான். கீழ் இ ஃபிளாட்டோடு நிற்கும் கருவியில் அது கிடையாது, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டி சுருதி அவர் தாளில் இ ஆகும். ஆனால் பெயரை மட்டும் மாற்றி பார்ட்டை அச்செடுத்துக் கொடுத்தால் மோரா ஜோக் செத்துவிடும். பேஸ் கிளாரினெட் அடிமட்டத்தில் காற்றோடு காற்றாகக் கரையும் அளவுக்கு மெதுவாக வாசிக்கக்கூடியது, அதனால் உரக்க வந்து மாட்டிக்கொள்ள அதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த இடத்தில் கணக்கைத் திருப்புங்கள்: மூன்றாவது மோராவில் மோர்சிங்கும் வியோலாவும் பழைய சமத்திலேயே உரக்க விழட்டும், பேஸ் கிளாரினெட் மட்டும் ஓர் அட்சரம் கழித்து, கேட்டும் கேட்காமலும், அதே பி ஃபிளாட்டில் வந்து சேரட்டும். அதற்கு இடம்விட்டு டாய் பியானோவின் அந்தச் சமத்து ஸ்வரத்தை நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தேயாத கம்பி அதை மூடிவிடும்.